பாலர் பள்ளிக்கு அனுப்புமுன்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல் மாணவி

பள்ளி திறக்கும் காலம் வந்துவிட்டால் நமது நேரு வீதியில் நடப்பதற்கு இடம் இராது. சீருடைத் துணி, காலணி, தண்ணீர் பாட்டில், பொம்மைப் படம் போட்ட பை என்று மூன்று வயதுப் பிள்ளைக்கு வாங்க வேண்டியவை நீண்டுகொண்டே போகும். கடன்பட்டேனும் இவற்றை வாங்கித் தரும் பெற்றோரை நாம் குறை கூறுவதற்கில்லை. தாம் பெறாத கல்வியைத் தம் பிள்ளை பெறப் போகிறது என்னும் மகிழ்ச்சி அவர்களுக்கு. அந்த மகிழ்ச்சி எத்தகையது என்பதை, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய நான் நன்கு அறிவேன். ஆயினும், கரும்பலகையைப் பார்க்கப் போகும் கண்ணையும், ஆசிரியை சொல்வதைக் கேட்கப் போகும் காதையும், பாடத்தைத் தாங்கப் போகும் உடம்பையும் ஒரு முறை சோதித்துவிட்டு அனுப்புவோம் என்ற எண்ணம் நம்மில் எத்தனை பேருக்கு எழுகிறது?

பெரியவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் வாய்விட்டுச் சொல்வார்கள். பிள்ளைக்கு அது கூடாது. காய்ச்சலும் வயிற்று வலியும் வந்தால் அழும், உண்மைதான். ஆனால் பிறந்தது முதல் மங்கலாகவே பார்த்த பிள்ளை, உலகம் மங்கலானது என்றே எண்ணிக்கொண்டிருக்கும். பாதி காது கேளாத பிள்ளை, எல்லாரும் மெதுவாகத்தான் பேசுகிறார்கள் என்று இருந்துவிடும். தான் இழந்தது இன்னதென்று அறியாத ஒருவர் அதைப் பற்றி எப்படி முறையிட முடியும்? ஆகவே பார்க்க வேண்டியவர்கள் பெரியவர்களே. நான் மருத்துவம் படிப்பவள் அல்லள். பாடத்தில் படித்தவற்றையும், என் அக்காளின் பிள்ளைகளை வளர்ப்பதில் கண்டவற்றையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

தோட்டமும் மருத்துவமும்

ஜெர்மனி நாட்டில் பிரடெரிக் புரோபெல் என்பார் 1837ஆம் ஆண்டில் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் சிறு குழந்தைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயரிட்டார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். தோட்டக்காரன் செடியிடம் பாடம் ஒப்புவிக்கச் சொல்வதில்லை. வேரையும் இலையையும் பார்த்து நீர் விடுகிறான். இன்று எல்.கே.ஜி. என்று நாம் சொல்லும்போது அதன் நடுவெழுத்துக்கு இப்படியொரு பொருள் இருப்பதை யாரும் நினைப்பதில்லை.

ரோம் நகரின் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி அம்மையார், ஆசிரியையாவதற்கு முன் மருத்துவர். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தவர். பிள்ளைகளின் எடையையும் உயரத்தையும் அளந்து எழுதி வைப்பது அவர் முறையின் ஒரு பகுதி. இங்கிலாந்தில் மார்கரெட் மக்மில்லன் அம்மையார் கண்டது இன்னும் கவனிக்கத்தக்கது. அவர் தம் தமக்கையார் ரேச்சலுடன் இலண்டனின் டெப்ட்போர்டு பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ நிலையம் நடத்தினார். குணமாகிப் போன பிள்ளைகளே அதே நோயுடன் திரும்பத் திரும்ப வந்தனர். பள்ளிக்கு வந்தபின் பார்ப்பது காலம் கடந்த வேலை, அதற்கு முன்பே பார்க்க வேண்டும் என்று உணர்ந்து 1914இல் திறந்தவெளிக் குழந்தைப் பள்ளியை நிறுவினர்.

நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதன்முதலில் மருத்துவச் சோதனை நடந்தது 1909இல், பரோடா நகரில். நமது புதுச்சேரியில் 1930ஆம் ஆண்டிலேயே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், பள்ளியில் மதிய உணவு தொடங்கப்பட்டது. பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்பதை ஓர் அந்நிய அரசே கண்டுகொண்டது. பின்னர் 1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் இந்தியாவில் தொடங்கியது. நாம் பால்வாடி என்றும் அங்கன்வாடி என்றும் கூறுவது இதன் நிலையங்களையே. ஊட்ட உணவு, தடுப்பூசி, உடற்சோதனை, மேல்மருத்துவத்திற்கு அனுப்புதல், தாய்மார்க்கு உடல்நலக் கல்வி, பள்ளிமுன் கல்வி என அதன் பணிகள் ஆறு. பள்ளிமுன் கல்வி அந்த ஆறில் ஒன்று மட்டுமே என்பதை நோக்குக.

யாரும் பாராத இடைவெளி

இங்கேதான் நான் சொல்ல விரும்பும் செய்தி இருக்கிறது. 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி ஒரு மருத்துவக் குழு ஆண்டுக்கு இரு முறை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைச் சோதிக்கிறது. அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. பிறவிக் குறைகள், சத்துக் குறைகள், நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் என்னும் நான்கு வகையில் 30 நிலைகளை அது தேடுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு மீன்காரத் தாய், அல்லது ஒரு கட்டடத் தொழிலாளி, 'என் பிள்ளை ஆங்கிலம் படிக்கட்டும்' என்று வயிற்றைக் கட்டி, உதவி பெறாத ஒரு தனியார் எல்.கே.ஜி.யில் பணம் கட்டிச் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிள்ளை அங்கன்வாடியிலும் இல்லை. அரசுப் பள்ளியிலும் இல்லை. இரண்டு குழுக்களின் பார்வையிலிருந்தும் அது நழுவிவிடுகிறது. வசதியுள்ளவர் தம் குடும்ப டாக்டரிடம் காட்டிக்கொள்வர். இவரோ பணமும் கட்டி, இலவசமாகக் கிடைத்ததையும் விட்டுவிடுகிறார்.

இந்த நிலையில் உள்ள குடும்பங்கள் நம் தெருக்களில் மிகுதி. நம் வகுப்பு மாணவர்களின் வீடுகளிலும் தம்பி தங்கையரோ அண்ணன் அக்காள் பிள்ளைகளோ இந்த வயதில் இருக்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். தனியார் பள்ளியில் சேர்ந்த பிறகும் தெருவிலுள்ள அங்கன்வாடியுடன் தொடர்பை அறுத்துக்கொள்ள வேண்டா. மருத்துவக் குழு வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, பிள்ளையைக் கூட்டிச் செல்லலாமா என்று கேளுங்கள். எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சர் நாங்கள் கேட்டபோது மறுக்கவில்லை. 'முன்னாடியே சொல்லியிருந்தா போன தடவையே கூப்பிட்டிருப்பேனே' என்றுதான் சொன்னார். அதுவும் இயலாவிட்டால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கவே இருக்கிறது.

பெட்டிக்குள் போன அட்டை

பிள்ளை பிறந்ததும் தாய் சேய் நல அட்டை ஒன்று தருகிறார்கள். ஒன்றரை வயது, இரண்டு வயது வரை அது அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். அதன்பின் ரேஷன் கார்டுடன் பெட்டிக்குள் போய்விடும். ஊசிகளெல்லாம் முடிந்துவிட்டன என்பது வீட்டில் உள்ளோரின் எண்ணம். அது சரியன்று.

பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலைக்கான ஹெபடைடிஸ் பி. பின்னர் ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் பென்டாவேலன்ட் முதலியவை. ஒன்பதாம் மாதத்திலும், மறுபடி பதினாறு முதல் இருபத்து நான்கு மாதங்களுக்குள்ளும் தட்டம்மை ரூபெல்லா ஊசி. அதே இரண்டாம் ஆண்டில் டி.பி.டி. முதல் ஊக்க ஊசி. இத்துடன் பலர் நின்றுவிடுகின்றனர். ஐந்து முதல் ஆறு வயதுக்குள் டி.பி.டி.யின் இரண்டாம் ஊக்க ஊசி ஒன்று உண்டு. முந்திய ஊசிக்கும் இதற்கும் இடையே மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிடுவதால் மறந்து போகிறது. பிள்ளை யு.கே.ஜி.யிலோ ஒன்றாம் வகுப்பிலோ இருக்கும். பரீட்சை, ஆண்டு விழா என்று நாள் ஓடிவிடும்.

இந்த ஊசி எதற்காக? தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரண ஜன்னி என்னும் மூன்றையும் எதிர்ப்பதற்கு. தொண்டை அடைப்பான் கிருமி தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வை உண்டாக்கி மூச்சை அடைக்கும். அதன் நஞ்சு இதயத்தையும் தாக்கும். இந்நோய்க்கு நச்சுமுறிச் சீரம் மருத்துவம் கண்ட பேரிங் என்னும் அறிஞருக்கே மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901இல் கிடைத்தது என்றால் அந்நாளில் அது எத்தகைய கொடிய நோயாக இருந்திருக்கும்! பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. கல்வியிற் சிறந்த கேரளத்தில், மலப்புரம் மாவட்டத்தில், 2016ஆம் ஆண்டு அந்நோய் திரும்ப வந்து பள்ளி வயதினரைத் தாக்கியது. குழந்தைப் பருவத்தில் போட்ட ஊசியின் நினைவு உடலில் நாளடைவில் தேய்கிறது. பாடத்தைத் திருப்பிப் படித்தால்தான் நிற்கும் என்பது போல, உடலின் எதிர்ப்பு அணுக்களுக்கும் மறுபயிற்சி வேண்டியிருக்கிறது. ஏழு வயதைத் தாண்டிவிட்டால் டி.பி.டி. போடுவதில்லை, கக்குவானுக்குரிய பகுதி இல்லாத வேறு ஊசியே போடுவர். ஆதலின் வாய்ப்பு ஒரு முறைதான்.

பி.சி.ஜி. பற்றி நம் ஊரார் அறிந்து மகிழ வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நம்மில் பெரும்பாலோர் இடத் தோளில் உள்ள தழும்பு அதனால் வந்தது. அந்த மூன்று எழுத்துகளுள் இரண்டு, கால்மெத், கெரேன் என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்களின் பெயர்கள். லீல் நகரத்துப் பாஸ்தர் நிலையத்தில் பதின்மூன்று ஆண்டுகள் மாட்டுக் காசநோய்க் கிருமியை மீண்டும் மீண்டும் வளர்த்து அதன் வீரியத்தைத் தணித்தனர். 1921இல் பாரிசில் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு அது கொடுக்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர் நமக்குத் தெருப்பெயர்களையும் சிலைகளையும் மட்டும் விட்டுச் சென்றதாக நினைப்போர் தம் தோளைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஊசி போட்டால் காய்ச்சல் வருகிறதே என்று எங்கள் தெருவில் தயங்குவோர் பலர். ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் போட்ட இடத்தில் வீக்கமும் டி.பி.டி.க்கு இயல்பே. அட்டையில் இன்னும் ஒன்றைத் தேட வேண்டும்: வைட்டமின் ஏ திரவம். ஒன்பதாம் மாதம் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாக மொத்தம் ஒன்பது தடவை. எங்கள் வீட்டில் அட்டையை எடுத்துப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தியே. அக்காளின் மூத்த மகனுடைய அட்டையில் முதல் மூன்று கட்டங்களில்தான் தேதி இருந்தது, மீதி வெறுமை.

கண்ணும் காதும்

அக்காளின் அந்த மகனைப் பற்றித்தான் இங்குச் சொல்ல வேண்டும். மூன்றரை வயதில் அவனை ஒரு சிறிய தனியார் நர்சரியில் சேர்த்தார்கள். இரண்டு மாதத்தில், 'பையன் மந்தம், கூப்பிட்டால் திரும்புவதில்லை, பாட்டுச் சொன்னால் திருப்பிச் சொல்வதில்லை, வேறு இடம் பாருங்கள்' என்று சொல்லிவிட்டார்கள். அக்காள் அழுதாள். மாமா பிள்ளையை அடித்தார். ஆயா மட்டும், 'அவனுக்கு அப்பப்போ காது ஒழுகுதேடி' என்றார்கள். ஒழுகும்போதெல்லாம் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விடுவது எங்கள் வீட்டு வழக்கம். அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டியபோது, செவிப்பறையில் துளை இருக்கிறது, இந்தக் காதில் கேள்வி குறைவு, எண்ணெய் விடவே கூடாது, குளிக்கும்போது தண்ணீர் புகாமல் காக்க வேண்டும் என்றார்கள். மருந்திட்டுக் காது காய்ந்தபின் அவன் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பத் தொடங்கினான். துளை பெரியவனானபின் அறுவை செய்து மூடக்கூடியது என்றும் சொல்லியிருக்கிறார்கள். இப்போது அவன் வேறொரு பள்ளியில் முன்வரிசையில், நல்ல காது ஆசிரியையின் பக்கம் இருக்கும்படி உட்காருகிறான். அவன் மந்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவனைப் போல் வாயாடி எங்கள் தெருவிலேயே கிடையாது.

காதை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். பிள்ளைக்குப் பின்னால் கை எட்டும் தூரத்தில் நின்று, ஒரு காதை விரலால் மூடிக்கொண்டு, அதற்குப் பழகிய சொற்களைக் கிசுகிசுக்க வேண்டும். பந்து, பூனை, தோசை. திருப்பிச் சொல்கிறதா என்று பார்த்து, மறு காதையும் அப்படியே பார்க்கலாம். முகத்துக்கு எதிரே நின்று செய்தால் பயனில்லை. உதட்டசைவைப் பார்த்தே பிள்ளை சொல்லிவிடும். மூன்று வயதாகியும் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசாவிட்டால், 'அவன் அப்பாவும் இப்படித்தான், லேட்டாப் பேசினார்' என்று சமாதானம் கூறாமல் முதலில் காதைக் காட்டுவதே முறை.

கண்ணின் செய்தி இன்னும் நுட்பமானது. டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்னும் இரு அறிஞர்கள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைப் பிறந்த சில வாரங்களில் மூடி வைத்துச் சில மாதம் கழித்துத் திறந்து பார்த்தனர். கண்ணில் பழுது ஒன்றுமில்லை. ஆனால் அக்கண்ணால் பூனைக்குப் பார்க்கத் தெரியவில்லை. மூளையில் அதற்குரிய இடத்தை மற்றக் கண் கைப்பற்றிக்கொண்டது. வளர்ந்த பூனையின் கண்ணை மூடியபோது அவ்வாறு நிகழவில்லை. இவ்வாராய்ச்சிகளுக்காக அவர்கள் 1981இல் நோபல் பரிசு பெற்றனர். நம் பிள்ளைகளுக்கும் இதே விதிதான். ஒரு கண்ணில் பார்வை குறைவாக இருந்தால் மூளை அதை ஒதுக்கிவிட்டு மற்றக் கண்ணால் காரியத்தை நடத்தும். இதனைச் சோம்பற் கண் என்பர். ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைச் சில மணி நேரம் மறைத்துப் பழக்கினால் பெரும்பாலும் சரியாகும். பிறகு கடினம். மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம் பெண்கள் சொல்லிக்கொள்வது எவ்வளவு விலை மிக்க பேச்சு என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

விளையாட்டுப் போல ஒரு கண்ணைப் பொத்திப் பாருங்கள். ஒரு கண்ணைப் பொத்தும்போது சும்மா இருக்கும் பிள்ளை மறு கண்ணைப் பொத்தும்போது கையைத் தட்டிவிட்டு அழுதால், ஐயப்படக் காரணம் உண்டு. எழுத்தறியாத பிள்ளைக்கும் படங்களைக் கொண்டோ, ஒரே எழுத்து நான்கு திசையில் திரும்பி நிற்கும் அட்டையைக் கொண்டோ பார்வையை அளக்கிறார்கள். நான்கு வயதுக்குள் ஒரு முறையேனும் கண் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. நம் ஊரில் அரசு மருத்துவமனையும் ஜிப்மரும் உள்ளன. தவளக்குப்பத்தில் அரவிந்த் மருத்துவமனை 2003 முதல் இருக்கிறது. மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டிய கவலை நமக்கு இல்லை.

சீசாவில் உள்ள புழு

நமது விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் பார்மலின் சீசாவில் வெளுத்துக் கிடக்கும் உருண்டைப் புழுவைப் பார்க்காத விலங்கியல் மாணவர் இல்லை. பரீட்சைக்குப் படம் வரைகிறோம், குறிப்பு எழுதுகிறோம். வீட்டில் நாக்குப் பூச்சி என்று சொல்வது அதையே என்பது எனக்கு முதலாண்டில்தான் உறைத்தது. பெண் புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் முட்டைகள் இடும். மலத்துடன் வெளியேறிய முட்டை மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து பக்குவப்படும். மண்ணில் விளையாடிய விரல் வாய்க்குப் போனால், முட்டையிலிருந்து வெளிப்படும் இளம்புழு குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தில் ஏறி, ஈரல் வழியாக நுரையீரலை அடைந்து, இருமலில் தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுத் திரும்பவும் குடலுக்கே வந்து சேரும். புறப்பட்ட இடத்துக்கே வருவதற்கு இத்தனை பயணம் எதற்கோ! கொக்கிப் புழு வேறு வகை. அது வெறுங்காலின் தோல் வழியே புகுந்து, குடலில் தங்கி இரத்தம் குடிப்பது. கீரிப் பூச்சியோ இரவில் ஆசனவாயில் அரிப்பை உண்டாக்கும். சொறிந்த நகக்கண்ணில் முட்டை ஒட்டிக்கொண்டு பக்கத்துப் பிள்ளைக்கும் போகும். பாய் விரித்து வரிசையாகப் படுக்க வைக்கும் பாலர் பள்ளியில் இதற்குக் கேட்க வேண்டுமா?

ஆண்டுதோறும் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாட்களைத் தேசியக் குடற்புழு நீக்க நாட்களாகக் கொண்டு அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். ஒன்று முதல் இரண்டு வயது வரை அரை மாத்திரை. அதற்கு மேல் 400 மில்லிகிராம் முழு மாத்திரை. சிறு பிள்ளைக்குப் பொடித்துக் கொடுக்க வேண்டும். அங்கன்வாடியில் பெயர் பதியாத பிள்ளைக்கும் உண்டு. மாத்திரை மட்டும் போதாது. நகம் வெட்டுவதும், செருப்பு அணிவதும், மலம் கழித்தபின்னும் உண்ணுமுன்னும் சோப்பால் இருபது விநாடி கை கழுவுவதும் இல்லாவிட்டால் அடுத்த மாதமே புழு திரும்ப வந்துவிடும்.

புழுவின் உடன்பிறப்பு இரத்தச் சோகை. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகளில் நூற்றுக்கு 67.1 பேர் சோகையுடையவர்கள். நாம் படித்தவர்கள் நிறைந்த ஊர் என்பதால் புதுச்சேரி இதற்கு விலக்கு என்று கருத வேண்டா. சோகைப் பிள்ளை சோம்பி இருக்கும், கவனம் நிற்காது, சாம்பலும் சுவர்ச் சுண்ணாம்பும் தின்னும். நம் வீடுகளில் காலையில் டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பும் வழக்கம் இதற்குத் துணை செய்கிறது. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்காதபடி தடுக்கும். எலுமிச்சை, கொய்யா, நெல்லி இவை ஏற்கச் செய்யும். டீக்குப் பதில் கேழ்வரகுக் கூழோ, இட்லியோ, ஒரு முட்டையோ கொடுக்கலாம். கடற்கரை ஊரில் பிறந்த நமக்கு நெத்தியும் மத்தியும் மலிவு. முருங்கைக்கீரை பல வீட்டுக் கொல்லையில் சும்மா கிடக்கிறது. விளம்பரத்தில் வரும் டப்பா மாவை வாங்கும் காசுக்கு ஒரு மாத முட்டை வாங்கிவிடலாம் என்பது எங்கள் வீட்டில் நான் போட்டுக் காட்டிய கணக்கு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை இரும்புச் சத்து சிரப்பு வாரம் இரு முறை ஒரு மில்லி வீதம் இலவசமாகத் தரப்படுகிறது. கேட்டு வாங்க வேண்டும்.

பல்லைப் பற்றி ஒரு சொல். ஆறு வயதையொட்டிப் பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, புதிய கடைவாய்ப் பல் முளைக்கும். விழுந்து முளைக்காததால் அதையும் பால்பல் என்றெண்ணி, சொத்தையானாலும் 'விழுந்துடும், விடு' என்பார்கள். அது விழாது, சாகும் வரை உடன் வர வேண்டிய பல்.

"மிஸ், டாய்லெட்"

உடல்நலம் என்றால் ஊசியும் மருந்தும் என்று எண்ணுகிறோம். பாலர் பள்ளிப் பிள்ளைக்கு எனக்குத் தெரிந்தவரை மிகப் பெரிய இடர் சிறுநீர் கழிப்பதே. வீட்டில் 'உச்சா' என்று சொல்லிப் பழகிய பிள்ளை, ஆங்கிலத்தில் கேட்டால்தான் அனுப்புவோம் என்னும் வகுப்பில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கடைசியில் உடையிலேயே போய்விடும். மற்றப் பிள்ளைகள் சிரிக்கும். அடுத்த நாள் முதல் அது தண்ணீரே குடிக்காது. பாட்டில் கொண்டு போனபடியே திரும்பி வரும். தண்ணீர் குடியாமையும் அடக்கி வைத்தலும் சேர்ந்தால் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வரும். பெண் குழந்தைகளுக்கு இன்னும் எளிதில் வரும். ஒரு சொல் தெரியாத காரணத்தால் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதைக் கல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே சேர்க்குமுன் பிள்ளையைப் பள்ளிக் கழிப்பறைக்கே கூட்டிச் சென்று காட்ட வேண்டும். வீட்டில் வழங்கும் சொல் இன்னது என்று ஆசிரியையிடம் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலச் சொல்லையும் இரண்டு வாரம் விளையாட்டாகப் பழக்கலாம்; தவறில்லை. பித்தானும் பெல்ட்டும் உள்ள கால்சட்டையை விட இடுப்பில் எலாஸ்டிக் வைத்தது மேல். பாட்டிலின் மூடியையும் டிபன் பாக்ஸையும் அதுவே திறக்கிறதா என்று வீட்டில் பார்த்துக்கொள்வது நலம். திறக்கத் தெரியாமல் பசியோடு திரும்பிய பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

தூக்கத்தையும் இத்துடன் சொல்லிவிடலாம். மூன்று முதல் ஐந்து வயது வரை நாளொன்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரம் உறக்கம் வேண்டும். பெரியவர்களுடன் பத்தரை மணி வரை சீரியல் பார்த்துவிட்டு ஆறரைக்கு எழுப்பப்பட்ட பிள்ளை வகுப்பில் அழாமல் என்ன செய்யும்?

அனுப்பக் கூடாத நாட்கள்

பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டில் பிள்ளைக்கு ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. இருபது பிள்ளைகளின் கிருமிகளை ஒரே அறையில் முதன்முறையாகச் சந்திக்கிறது அல்லவா? இதற்காகப் பள்ளியை மாற்றவோ திருஷ்டி கழிக்கவோ வேண்டியதில்லை. ஆனால் காய்ச்சலுடன் அனுப்பக் கூடாது. மாத்திரை கொடுத்துக் காய்ச்சலைத் தணித்து அனுப்பினால் பத்தரை மணிக்கு மறுபடி ஏறும். மருந்தில்லாமலே ஒரு நாள் முழுவதும் காய்ச்சல் இல்லாதிருந்த பின் அனுப்பலாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, அதாவது பள்ளி நேரத்தில். கொசுக்களை ஆராயும் மத்திய நிலையம் 1975 முதல் நம் ஊரிலேயே இருந்தும் நம் வீட்டுப் பூந்தொட்டித் தட்டுகளில் தண்ணீர் தேங்கித்தான் கிடக்கிறது. காய்ச்சலோடு விடாத வாந்தி, வயிற்று வலி, இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு இவற்றில் ஒன்று கண்டாலும் மருத்துவமனைக்கே போக வேண்டும். பாரசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்தல் ஆகாது.

2022இல் கேரளத்துக் கொல்லத்தில் தொடங்கித் தக்காளிக் காய்ச்சல் என்று பெயர் பெற்றது, கை, கால், வாய் இவற்றில் கொப்புளம் உண்டாக்கும் பழைய நோயே என்று பின்னர்த் தெரிந்தது. பாலர் வகுப்புகளில் அது விரைந்து பரவும். ஒரு வாரம் பத்து நாள் வீட்டில் வைத்திருப்பதே வழி.

சின்னம்மை கண்டால் நம் வீடுகளில் வேப்பிலை செருகி, வெளியார் வராமல் தடுத்து, மூன்று தண்ணீர் விட்ட பிறகே பிள்ளையை வெளியே விடுவார்கள். மருத்துவ நூல் கூறுவதும் ஏறத்தாழ இதுவே: எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும் வரை அது பிறரைத் தொற்றும். சில வீடுகளில் இப்போது இந்த வழக்கத்தை மூடநம்பிக்கை என்று விட்டுவிட்டு, தேர்வு இருக்கிறது, வருகைப் பதிவு குறையும் என்று நான்காம் நாளே சீருடை மாட்டி அனுப்புகிறார்கள். எல்.கே.ஜி. பிள்ளைக்குத் தேர்வாம்! இந்த ஒன்றில் நம் ஆயாக்கள் சொல்வதைக் கேட்டு, மூன்றாம் தண்ணீர் விட்டு, பொருக்குகள் காய்ந்திருக்கின்றனவா என்று முதுகையும் தலைமுடிக்குள்ளும் பார்த்துவிட்டு அனுப்பினால் போதும்.